பழைய ஓட்டு வீட்டின் கட்டட வரலாற்றைக் கண்டறிவது எப்படி: மதுரை வட்டாரத்துக்கான வழிகாட்டி

மேலூர், நத்தம், உசிலம்பட்டி, திருப்புவனம் என மதுரையைச் சுற்றியுள்ள பகுதிகளில் மரத்தூணும் உத்திரமும் தாங்கி நிற்கும் ஓட்டு வீடுகள் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. வீட்டின் வயதைக் கேட்டால் "தாத்தா காலத்து வீடு, நூறு வருஷத்துக்கு மேல இருக்கும்" என்பார்கள். எந்தத் தாத்தா என்று அடுத்துக் கேட்டால் பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அப்படிப்பட்ட ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு, அதன் கட்டட வரலாற்றைத் தாமே ஆராய்ந்து எழுத விரும்புவோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. கட்டடக்கலை படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பொறுமையும், கூரைக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்க்கும் துணிவும் இருந்தால் போதும்.

கிராமத்து வீட்டுக்கு ஒரே வயது கிடையாது என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒரு தலைமுறை பட்டாசாலையை (வீட்டின் பெரிய கூடத்தை) கட்டியிருக்கும், அடுத்த தலைமுறை மேலே திறந்த நடுமுற்றமான வானவாசலைச் சுற்றித் தாழ்வாரம் இறக்கியிருக்கும், மூன்றாம் தலைமுறை பாகப்பிரிவினையில் நடுவே சுவர் எழுப்பியிருக்கும், கூரை மட்டும் இரண்டு மூன்று முறை மாறியிருக்கும். ஆகவே "எப்போது கட்டியது?" என்ற கேள்வியை ஒதுக்கிவைத்து, "எது முந்தியது, எது பிந்தியது?" என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள். வரிசை சரியாகக் கிடைத்துவிட்டால், அதில் எங்காவது ஓரிடத்தில் ஓர் ஆண்டு தானாக வந்து பொருந்தும். ஆண்டை முதலில் முடிவுசெய்துவிட்டு வீட்டை அதற்கு இணங்கவைக்கப் பார்ப்பவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

அளந்து வரைதல்

நீள அளவு நாடா, கட்டம் போட்ட தாள், நல்ல டார்ச், தூக்குக் குண்டு, சிறிய காந்தம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். தெருத் திண்ணையில் தொடங்கி நடை, வானவாசல், பட்டாசாலை, அறைகள், அடுப்படி, தொழுவம் வரை தரைப்படம் ஒன்றை வரையுங்கள். அறைகளின் அளவைவிடச் சுவர்களின் கனம் முக்கியம்; ஒவ்வொரு கதவு, ஜன்னல் திறப்பிலும் அதை அளந்து குறித்துவிடுங்கள். ஒன்றரை அடி, இரண்டடி கனமுள்ள மண்சுவர் ஓரிடத்தில் நின்று, அதோடு ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் முட்டிக்கொண்டிருந்தால், அந்த முட்டும் இடம் ஒரு தேதி. இரண்டு சுவர்களும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக் கட்டப்பட்டுள்ளனவா, அல்லது இடையே நேர்க்கோடாக ஒரு வெடிப்பு ஓடுகிறதா என்று பாருங்கள். கோத்திருந்தால் ஒரே காலம். வெடிப்பு நேராக ஓடினால் ஒட்டிக் கட்டிய சுவர் பிந்தையது.

எடுத்த அளவுகளைத் தச்சு முழத்துக்கு மாற்றிப் பார்ப்பது பலன் தரும். தச்சு முழம் என்பது 33 அங்குலம், அதாவது இரண்டே முக்கால் அடி. பழைய ஆசாரி போட்ட பட்டாசாலை 22 அடி நீளம் இருந்தால், அது எட்டு முழம். 11 அடி அகலம் இருந்தால் நாலு முழம். மனையடி சாஸ்திரம் பார்த்துப் போட்ட வீடாக இருந்தால், அறையின் உள்ளளவு 10, 11, 16 என அந்தக் கணக்கில் நல்லதென்று சொல்லப்படும் அடிகளில் நிற்கும். ஓர் அறை மட்டும் எந்தக் கணக்கிலும் சேராமல் 13 அடி 4 அங்குலம் என்று நின்றால், அது முதலில் அப்படிப் போடப்பட்டதல்ல, பெரிய அறையைப் பின்னால் யாரோ தடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். பக்கத்து அறையின் அளவையும் தடுப்புச் சுவரின் கனத்தையும் கூட்டிப் பார்த்தால் பழைய அளவு கிடைத்துவிடும்.

மரம் சொல்வது

நேரத்தில் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்குங்கள். இந்த வட்டாரத்து வீடுகளில் வெளிச்சுவர்கள் மண்ணாகவோ செங்கல்லாகவோ இருந்து பாரத்தின் ஒரு பகுதியைத் தாங்கும். திண்ணையின் முகப்பிலும் வானவாசலைச் சுற்றியும் மரத்தூண்கள் மற்றப் பகுதியைத் தாங்கும். தூணுக்கு அடியில் கல், தூணின் தலையில் பாரத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையான போதிகை, அதன்மேல் உத்திரம், உத்திரத்திலிருந்து கூரை உச்சியில் ஓடும் முகட்டு வளை வரை சரிவாகக் கைமரங்கள், கைமரங்களின் குறுக்கே மெல்லிய சட்டங்களான வரிச்சு, அதன்மேல் ஓடு. தூணுக்கு அடியிலுள்ள கல், ஈரமும் கரையானும் மரத்தில் ஏறாமல் தடுப்பதற்காக வைக்கப்பட்டது. அது தரைமட்டத்துக்குக் கீழே புதைந்து, தூணே தரையிலிருந்து முளைத்ததுபோல் தெரிந்தால், தரை பின்னாளில் உயர்த்தப்பட்டிருக்கிறது.

முதலில் கைமரங்களைப் பாருங்கள். ஓட்டின் வகை மாறும்போதெல்லாம் வரிச்சைப் பிடுங்கி வேறு இடைவெளியில் அடிப்பார்கள்; கைமரங்களை அப்படியே விட்டுவிடுவார்கள். ஆகவே கூரையின் முந்தைய வாழ்வெல்லாம் கைமரத்தின் மேல்முகத்தில் ஆணித் துளைகளாகத் தங்கியிருக்கும். தொழிற்சாலையில் செய்த சீமை ஓட்டுக்கு ஏறத்தாழ ஓரடிக்கு ஒரு வரிச்சு போதும். கையால் செய்த நாட்டு ஓட்டுக்குச் சில விரற்கடை இடைவெளியில் நெருக்கமாக வரிச்சு வேண்டும். பனையோலை, வைக்கோல் கூரையாக இருந்தால் வரிச்சைக் கயிற்றாலோ நாராலோ கட்டியிருப்பார்கள் என்பதால் ஆணித்துளையே இராது, கயிறு உரசிய தடம் மட்டும் சில வேளை தெரியும். இன்றைய வரிச்சு ஓரடிக்கு ஒன்றாக இருந்து, அவற்றுக்கு நடுவே கைமரத்தில் வெறுமையான துளைகள் நெருக்கமாக ஓடினால், சீமை ஓட்டுக்கு முன் அங்கே நாட்டு ஓடு இருந்தது. ஓர் ஓட்டை விலக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் இவ்வளவும் தெரிந்துவிடும். ஓட்டின்மேல் ஏறி நடக்காதீர்கள். உள்ளேயிருந்து ஏணி வைத்துப் பாருங்கள், கையை விடுவதற்கு முன் பாம்பு, தேள் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆணி. ஊர்க் கொல்லர் அடித்த ஆணி நான்கு பட்டையாக, ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் இருக்கும். தொழிற்சாலைக் கம்பி ஆணி உருண்டையாக, ஒரே அளவில் இருக்கும். கம்பி ஆணி 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்கு முன் இந்தக் கிராமங்களுக்கு வந்திருக்க வாய்ப்பில்லை. பட்டை ஆணி இருப்பதனால் மட்டும் வீடு பழையதாகிவிடாது, ஏனெனில் கொல்லர் அதற்குப் பிறகும் நெடுங்காலம் அடித்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு பொருள் "இதற்கு முன்னால் இருக்க முடியாது" என்று சொல்லும். "இதற்குப் பின்னால் இருக்க முடியாது" என்று அபூர்வமாகவே சொல்லும். இந்த வேறுபாடு ஓடு, சிமெண்ட், பத்திரம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். சுண்ணாம்பு பூசி மறைந்துபோன ஆணியைக் கண்டுபிடிக்கத்தான் காந்தம்.

மூன்றாவது, கருவித் தடம். வாய்ச்சி என்னும் கைக்கருவியால் செதுக்கிய முகத்தில் ஆழமற்ற குழிவுகள் வரிசையாகத் தெரியும்; இரண்டு ஆள் இழுத்து அறுத்த கைவாள் நேர்க்கோடுகளை, ஆனால் சாய்வு மாறி மாறி, விட்டுச் செல்லும்; மில்லில் வட்டவாள் அறுத்த மரத்தில் வளைந்த கோடுகள் ஒரே சீராக ஓடும். இழைப்புளி போட்ட வெளிமுகத்தில் எதுவும் தெரியாது என்பதால், ஆசாரி இழைக்கச் சோம்பிய இடங்களைத் தேடுங்கள்: உத்திரத்தின் மேல்முகம், பலகையின் பின்புறம், கதவு நிலையின் சுவருக்குள் போகும் பக்கம்.

இனி, வெற்றுத் துளைகள். அழகர்கோயில் பக்கத்து வீடு ஒன்றில், வானவாசலின் வடபுற உத்திரத்தின் கீழ்முகத்தில், சுமார் நாலு அங்குல நீளத்தில் இரண்டு துளைகள் எதையும் தாங்காமல் வாயைத் திறந்துகொண்டிருந்தன. மற்ற மூன்று புறமும் போதிகையின் நாக்கு உத்திரத்தின் துளைக்குள் நுழைந்து நின்றது. இந்தப் புறத்தில் மட்டும் துளை ஓரிடம், போதிகை வேறிடம். துளையின் உட்புறம் கருத்து, மழுங்கியிருந்தது; போதிகைக்கு மேலே உத்திரத்தில் வெட்டிய புதுத் துளையின் விளிம்போ கூர்மையாக, வெளிறி இருந்தது. அந்த உத்திரம் வேறோர் இடத்திலிருந்து பெயர்த்து வந்து பொருத்தப்பட்டது என்பதில் ஐயமில்லை. துளைகளுக்கு இடைப்பட்ட தூரம் அந்த வீட்டின் எந்தத் தூண் இடைவெளிக்கும் ஒத்துவராததால், அது அந்த வீட்டுக்குள்ளேயே இடம் மாறியது அல்ல, வெளியிலிருந்து வந்தது என்றும் சொல்லலாம். நல்ல மரத்தை யாரும் எரிப்பதில்லை. இடிந்த வீட்டின் தேக்கு அடுத்த வீட்டுக்குப் போவது இங்கே காலங்காலமான வழக்கம். இன்றும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் முழு நிலையும் கதவும் தூணும் விலைக்குக் கிடைக்கின்றன. ஆகவே வாசல் நிலையில் செதுக்கிய சூரியப்பலகையைக் கண்டு வீட்டின் காலத்தைச் சொல்லிவிடாதீர்கள். அந்த நிலை அங்கேயே பிறந்ததா என்பதை, சுவரோடு அது பொருந்தும் விதத்தை வைத்து முதலில் உறுதிசெய்யுங்கள். சுற்றிலும் புதுப் பூச்சு ஒட்டுப்போட்டிருந்தாலோ, நிலையின் உயரத்துக்கு ஏற்ப மேலே செங்கல் அடுக்கி நிரப்பியிருந்தாலோ, அது வந்தேறி.

கதவையும் அப்படியே பாருங்கள். பழைய கதவு கீலில் தொங்காது. மேலும் கீழும் குடுமி வைத்து, நிலையின் குழியில் சுழலும். கதவை மாற்றிக் கீல் போட்டாலும், குடுமிக் குழிகள் மேலேயும் படியிலும் அடைபட்ட நிலையிலாவது இருந்துகொண்டே இருக்கும்.

மர வகை காலத்தைக் காட்டுவதைவிட வசதியைக் காட்டும். ஊர்ப்புறத்து வீட்டில் கைமரம் பெரும்பாலும் நீளவாக்கில் பிளந்த வைரம் பாய்ந்த பனை. அதன் கருநிற நார்க்கோடுகள் உடனே அடையாளம் தெரியும். தூணுக்கும் நிலைக்கும் வேம்பு, பூவரசு, இலுப்பை, வேங்கை, தேக்கு எனக் கையிருப்புக்கு ஏற்ப இருக்கும். முகப்பில் தேக்கும் பின்கட்டில் வேம்பும் பனையும் இருந்தால், அது வெவ்வேறு காலம் என்று அவசரப்பட்டு முடிவுசெய்யாதீர்கள். விருந்தாளி பார்க்கும் இடத்துக்குத் தேக்கு, பார்க்காத இடத்துக்கு நாட்டு மரம் என்பது ஒரே ஆசாரி ஒரே மாதத்தில் செய்யும் வேலைதான். "பர்மா தேக்கு" என்று வீட்டார் சொல்வதையும் அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். பர்மாவில் வட்டித் தொழில் செய்தோரின் குடும்பங்களுக்கு அது வந்தது உண்மை, 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததோடு அந்த வரத்து அற்றுப்போனதும் உண்மை. ஆனால் பளபளக்கும் எந்தத் தூணையும் பர்மா என்று சொல்வது கௌரவப் பேச்சாகிவிட்டது.

மரத்தின் வயதை ஆய்வகத்தில் கணிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். பனைக்கு ஆண்டு வளையமே கிடையாது. தேக்குக்கு உண்டு, ஆனால் வெளிவளையங்களைச் செதுக்கித் தள்ளிய தூணில், மரம் வெட்டிய ஆண்டு கிடைக்காது. கரிமக் கணிப்போ, அதாவது மரத்திலுள்ள கரிமத்தை அளந்து வயது கணிக்கும் முறையோ, 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் 1950க்கும் இடைப்பட்ட பொருள்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைத் தரும். நம் கிராமத்து வீடுகள் எல்லாம் விழுவது அந்த இடைவெளியில்தான். அந்தப் பணத்தைக் கூரை பழுதுபார்க்கச் செலவிடுவது மேல்.

ஓடும் பூச்சும்

சீமை ஓட்டின் அடிப்பக்கத்தில் தொழிற்சாலை முத்திரை இருக்கும். பாசல் மிஷன் என்னும் கிறிஸ்தவ சமயப் பணி நிறுவனம் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு 1865. அந்த ஆண்டையே பின்னாளிலும் ஓட்டில் அச்சிட்டு வந்தார்கள். "1865" என்று ஓட்டில் இருப்பதைக் காட்டி, "எங்கள் வீடு 1865இல் கட்டியது" என்று பெருமையோடு சொல்பவர்கள் ஊருக்கு ஒருவர் இருப்பார்கள். அது தொழிற்சாலையின் பிறந்த ஆண்டு, ஓட்டின் ஆண்டு அல்ல. மதுரைக்குத் திருச்சியிலிருந்து ரயில் வந்ததே 1875இல்தான். அதற்கு முன் மேற்குக் கடற்கரையிலிருந்து இவ்வளவு கனமான சரக்கு ஒரு விவசாயியின் கூரைக்குக் கட்டுப்படியாகும் விலையில் வந்திருக்க முடியாது. முதல் உலகப் போரை ஒட்டி மிஷனின் தொழிற்சாலைகள் பறிக்கப்பட்டுக் காமன்வெல்த் டிரஸ்ட் நிறுவனத்தின் கைக்குப் போயின. ஆகையால் காமன்வெல்த் முத்திரை கொண்ட ஓடு போருக்குப் பிந்தையது. ஓர் ஓட்டை மட்டும் பார்த்து முடிவுகட்டாதீர்கள், உடைந்தவற்றை மாற்றிக்கொண்டே இருந்திருப்பார்கள். சரிவுக்குச் சரிவு, வரிசைக்கு வரிசை புரட்டிப் பார்த்து, எந்த முத்திரை அதிகம் என்று எண்ணுங்கள்.

மச்சில் இரும்புக் கர்டர் இருந்தால் அதன் பக்கவாட்டிலும் பெயர் பொறித்திருக்கும். டாடா ஆலையில் எஃகு வந்தது 1912இல் என்பதால் அந்தப் பெயருள்ள கர்டர் அதற்குப் பிந்தியது. சிமெண்ட் கோவை அருகே மதுக்கரையில் 1934இலும் நெல்லை அருகே தாழையூத்தில் 1949இலும் உற்பத்தியாகத் தொடங்கியது. அதற்கு முன் சிமெண்ட் இல்லவே இல்லை என்பதல்ல, கிராமத்துக்கு அது எட்டாத பொருளாக இருந்தது. எனவே காவி போட்ட சிமெண்ட் தளமும் அதோடு ஒட்டிய மாற்றங்களும் பொதுவாக அந்த ஆண்டுகளுக்குப் பிந்தியவை என்று கொள்ளலாம். பழைய சுண்ணாம்புப் பூச்சை நகத்தால் கீறினால் மாவாக உதிரும், சிமெண்ட் உதிராது. அடுப்படி அல்லாத அறையில் கைமரங்கள் கரியேறிக் கிடந்தால், அடுப்பு ஒரு காலத்தில் அங்கே இருந்தது.

காகிதம்

வீட்டில் கட்டுக்கட்டாக இருக்கும் பத்திரங்களில் கிரையப் பத்திரத்தைவிடப் பாகப்பிரிவினைப் பத்திரமே நமக்குப் பயன்படும். வாங்குபவருக்கு எல்லையும் விலையும் போதும். பங்கிடும் அண்ணன் தம்பிகளுக்கோ எந்தத் தூண் வரை யாருடையது, வானவாசல் பொதுவா, கிணற்றுப் பாதை யாருக்கு என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். செக்குபந்தி (நான்கெல்லை), கிழமேலடி (கிழக்கு மேற்கு அளவு), தென்வடலடி (தெற்கு வடக்கு அளவு) எனத் தொடரும் அந்தப் பகுதியை உங்கள் தரைப்படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். பத்திரம் சொல்லும் நீளம் இன்றைய நீளத்தோடு எங்கே பொருந்தவில்லையோ, அங்கே பத்திரத்துக்குப் பிறகு வேலை நடந்திருக்கிறது. "கூரை வீடு" (ஓலை, வைக்கோல் வேய்ந்தது) என்று ஒரு பத்திரமும் "ஓட்டு வீடு" என்று அடுத்த பத்திரமும் சொன்னால், கைமரத்தில் நீங்கள் கண்ட ஆணித்துளைகளுக்கு இரண்டு பக்கமும் ஆண்டு கிடைத்துவிட்டது.

ஒவ்வொரு பத்திரமும் தனக்கு முந்தைய ஆவணத்தின் எண்ணைச் சொல்லும். அதைப் பிடித்துக்கொண்டு தாய்ப் பத்திரம் வரை போகலாம். தொலைந்தவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனு போடுங்கள். கணினியில் கிடைக்கும் வில்லங்கச் சான்று (சொத்தின் பதிவுகளைக் காட்டும் பட்டியல்) பெரும்பாலும் 1975 முதல்தான். அதற்கு முந்தியதற்கு அலுவலகப் புத்தகங்களைத் தேடச் சொல்லிக் கட்டணம் கட்ட வேண்டும். எதுவுமே கிடைக்கவில்லை என்றாலும் வீடு இல்லை என்று பொருளல்ல. 100 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள சொத்தைப் பதிவுசெய்யாமலே விற்க 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் இடம் கொடுத்தது, அந்நாளில் ஒரு கிராமத்து வீட்டின் விலை அதற்குள் அடங்கிவிடும். வருவாய்த் துறைப் பதிவேட்டில் வீட்டிடம் முழுவதும் "கிராம நத்தம்" (ஊர்க் குடியிருப்பு நிலம்) என்று ஒரே எண்ணில் கிடக்கும். தனித்தனி மனைக்குப் பட்டா வந்தது நத்தம் நிலவரித் திட்டத்துக்குப் பிறகு என்பதால், அங்கே பழைய உரிமையாளரைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஊராட்சியின் பழைய வீட்டு வரிப் பதிவேடு கிடைத்தால் அது பொக்கிஷம். கூரையா, ஓடா, மச்சா என்ற விவரம் அதில் இருக்கும்.

தேதிகளைப் படிப்பதில் இரண்டு எச்சரிக்கைகள். ரசீதில் வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்கில் "பசலி 1310" என்றிருந்தால் 590ஐக் கூட்டுங்கள். அது 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரையிலான ஆண்டு. உத்திரத்திலோ முகப்பிலோ தமிழ் வருடப் பெயர் மட்டும் இருந்தால், அது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதை மறக்கக் கூடாது. "துந்துபி வருஷம் தை மாதம்" என்பது 1863ஆகவும் இருக்கலாம், 1923ஆகவும் இருக்கலாம். அந்த வருடம் பிறந்தது முந்தைய ஆங்கில ஆண்டின் சித்திரையில் என்பதால், தை மாதம் அடுத்த ஆங்கில ஆண்டில் விழுகிறது. இரண்டில் எது என்பதை ஓடும் ஆணியும்தான் தீர்க்க வேண்டும்.

வாய்மொழி

பெரியவர்களிடம் ஆண்டைக் கேட்காதீர்கள், சம்பவத்தைக் கேளுங்கள். "வைகை அணை கட்டினபோது இந்தத் தாழ்வாரம் இருந்துச்சா, ஆச்சி?" என்று கேட்டால் 1959க்கு முன்னா பின்னா என்று தெரிந்துவிடும். தனுஷ்கோடிப் புயல் என்றால் 1964. வீட்டுக்குக் கரண்டு வந்த நாள், பெரிய அத்தையின் கல்யாணம், பங்கு பிரித்த வருஷம் ஆகியவையும் நல்ல கொக்கிகள். கல்யாண போட்டோவின் பின்னணியில் நிற்கும் தூணையும் தரையையும் உற்றுப் பாருங்கள். வீட்டுக்கு மருமகளாக வந்தவர்களின் நினைவு, அங்கேயே பிறந்தவர்களின் நினைவைவிடக் கூர்மையாக இருக்கும். வந்த நாளில் வீடு எப்படி இருந்தது என்பது அவர்களுக்கு ஒரு படமாகவே பதிந்திருக்கும். தாது வருஷப் பஞ்சத்துக்கு, அதாவது 1876–78க்கு, முந்திய வீடு என்று யாராவது சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் வீட்டிலேயே ஒரு சான்று கிடைக்கும்வரை அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

எழுதுதல்

தரைப்படத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வண்ணம் கொடுங்கள். பக்கத்தில், அந்தக் கட்டத்தை ஏன் அப்படி வரிசைப்படுத்தினீர்கள் என்ற காரணத்தையும், அது எதற்குப் பின், எதற்கு முன் என்ற இரண்டு எல்லைகளையும் எழுதுங்கள். "1919க்குப் பின், 1948 பாகப்பிரிவினைக்கு முன்" என்று எழுதுவது "1930 வாக்கில்" என்பதைவிட நேர்மையானது. கண்ணால் கண்டது, பத்திரம் சொன்னது, வீட்டார் சொன்னது ஆகிய மூன்றையும் கலந்துவிடாமல் தனித்தனியாகக் குறியுங்கள். ஒரு பிரதியை வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள். பங்காளிகள் பிரிந்திருந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று, இல்லையென்றால் மனத்தாங்கல் வரும்.

இந்த வேலையைக் கூரை பிரிப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். மராமத்துக்கு ஆசாரி வந்துவிட்டால், வரிச்சைப் பிடுங்கும் அன்றே அங்கே நின்று கைமரங்களின் மேல்முகத்தைப் படம் எடுங்கள்; எந்தக் கைமரம் எங்கிருந்தது என்பதை வரிசை எண்ணால் சாக்பீஸில் குறித்துவையுங்கள். உளுத்துப்போனதை மாற்றும்போது பழைய துண்டின் ஓரடியையாவது அறுத்து, எங்கிருந்து எடுத்தது என்று சீட்டு கட்டிப் பரணில் போட்டுவையுங்கள். புதிதாகப் போடும் ஒவ்வொரு மரத்தின் மேல்முகத்திலும், ஓடு மூடுவதற்கு முன், பெயிண்டால் ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.